முட்டி ஜவ்வு கிழிந்த பெண்ணின் தாய்க்கு

நீடாமங்கலம் பக்கத்திலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார். மகளுக்குப் பதினைந்து வயது, பத்தாம் வகுப்பு. பொங்கலையொட்டி நடந்த மின்னொளிக் கபடிப் போட்டியில் பாடிப் போனவளின் கணுக்காலை எதிரணிப் பெண் பிடித்திருக்கிறாள். கால் அங்கேயே நிற்க, உடம்பு திரும்பியிருக்கிறது. முட்டியில் ‘டக்’ என்று ஒரு சத்தம். எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் ஏ.சி.எல். என்னும் முட்டி ஜவ்வு முழுதாகக் கிழிந்திருப்பதாக வந்திருக்கிறது. மருத்துவர் அறுவைச் சிகிச்சை என்கிறார். மாமியார் புத்தூர்க் கட்டுப் போடலாம் என்கிறார். கணவர் "நீதானே அனுப்பினாய்" என்று ஒருமுறை சொன்னவர், அதன்பின் பேசுவதே இல்லை. பெண் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாள். ஆபரேஷன் செய்துகொள்ளத்தான் வேண்டுமா, மறுபடி ஆடுவாளா, அவளிடம் என்னதான் பேசுவது என்று கேட்கிறார்.

அம்மா, நான் மருத்துவன் அல்ல. இருபத்தெட்டு ஆண்டுகள் உடற்கல்வி ஆசிரியராக இருந்தவன். முட்டி ஜவ்வு கிழிந்த பிள்ளைகளை மன்னார்குடியிலிருந்து தஞ்சாவூருக்கு அழைத்துக்கொண்டு போய், அவர்களுடைய பெற்றோரோடு வராந்தாவில் உட்கார்ந்திருக்கிறேன். அந்தப் பிள்ளைகளில் ஒருத்தி என் மகள். ஆகவே தெரிந்ததையும், தெரியாமல் செய்த தவற்றையும் சேர்த்தே சொல்கிறேன்.

முதலில் அந்த ஜவ்வைப் பற்றி. தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் முட்டிக்குள்ளே கட்டி வைத்திருக்கும் தசைநார் அது. கீழ்க்கால் முன்பக்கம் நழுவாமலும், திரும்பும்போது முட்டி பிடிவிட்டுப் போகாமலும் பார்த்துக்கொள்வது அதன் வேலை. நேராக நடப்பதற்கு அது பெரிதாகத் தேவைப்படாது. சட்டென்று நின்று திரும்புவதற்கும், குதித்து இறங்குவதற்கும் அது வேண்டும். கபடியில் அதைத் தவிர வேறென்ன இருக்கிறது? கிழிந்த நுனிகள் மூட்டு நீருக்குள் கிடப்பதாலும், அங்கே இரத்த ஓட்டம் குறைவு என்பதாலும், முழுதாகக் கிழிந்தால் எலும்பு போலத் தானாகக் கூடிக்கொள்வது மிக அரிது.

உங்கள் மாமியாருக்கு இதைத்தான் சொல்ல வேண்டும். அவரை எடுத்தெறிந்து பேசாதீர்கள். புத்தூருக்குப் போய்க் கை கூடி வந்தவர்களை அவர் கண்ணால் பார்த்திருப்பார். ஆனால் அங்கே கட்டுவது எலும்பு முறிவுக்கு. அசையாமல் வைத்தால் எலும்பு தானே கூடும். இவளுடைய எலும்பு முறியவே இல்லை. நாற்பது நாள் காலை அசையாமல் கட்டி வைத்தால் ஜவ்வு சேராது, முட்டி விறைத்துக்கொள்ளும், தொடைத் தசை கரைந்துபோகும். எண்ணெய் போட்டு உருவிவிடுவதும் அப்படியே. வேண்டாம்.

என் மகள் கதைக்கு வருகிறேன். அவளுக்கு அப்போது பதினாறு வயது, கைப்பந்து ஆடுவாள். பந்தை அடிக்க எழும்பியவள் ஒற்றைக் காலில் இறங்கினாள். முட்டி உள்பக்கமாகச் சரிந்தது. யாரும் அவளைத் தொடவில்லை. இரண்டு மணி நேரத்தில் முட்டி பந்துபோல் வீங்கிவிட்டது. எக்ஸ்ரே எடுத்தோம். "எலும்பில் ஒன்றும் இல்லை" என்றார்கள். அது உண்மைதான். எக்ஸ்ரேயில் எலும்புதான் தெரியும், ஜவ்வு தெரியாது. மைதானத்திலேயே வாழ்ந்த எனக்கு அது தெரிந்திருக்க வேண்டும். அடிபட்ட சில மணி நேரத்துக்குள் முட்டி வீங்கினால் உள்ளே இரத்தம் கசிந்திருக்கிறது என்று பொருள் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். மூன்று வாரத்தில் வீக்கம் வடிந்தது, நன்றாக நடந்தாள். மண்டலப் போட்டி நெருங்கிக்கொண்டிருந்தது. நானே அவளைக் களத்தில் இறக்கினேன். இரண்டாம் நாள் முட்டி பிடிவிட்டு மடங்கியது. அதுவரை முழுதாக இருந்த மெனிஸ்கஸ், அதாவது மூட்டுக்கு நடுவே மெத்தை போலிருக்கும் குருத்தெலும்புத் தட்டு, அன்றைக்குக் கிழிந்தது. அதில் ஒரு பகுதியை வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று. அது திரும்ப வளராது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், "நான்தானே அனுப்பினேன்" என்று நீங்கள் எழுதிய வரியை என்னால் தாண்டிப் போக முடியவில்லை. நீங்கள் அனுப்பியது ஒரு விளையாட்டுக்கு, உடம்பு நன்றாக இருந்த ஒரு பெண்ணை. வடுவூரிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் கபடி ஆடிப் பேர் எடுத்து, வேலைக்குப் போய், குடும்பத்தையே தூக்கி நிறுத்திய பிள்ளைகளைப் பார்த்துத்தானே அனுப்பினீர்கள்? அதில் குற்றம் ஒன்றும் இல்லை. அடிபட்ட காலோடு அனுப்பினவன் நான். இரண்டும் வேறு. உங்கள் கணவரும் இதைப் படிக்கட்டும்.

இனி அறுவைச் சிகிச்சை. இந்தக் காயத்துக்கு அறுவைச் சிகிச்சையே இல்லாமல் பயிற்சியால் தசையை வலுவாக்கிக்கொண்டு வாழ்கிறவர்கள் உண்டு. ஆனால் பதினைந்து வயதில், ஓடியாடும் பெண்ணுக்கு, முட்டி அடிக்கடி பிடிவிட்டால் ஒவ்வொரு முறையும் மெனிஸ்கஸ் கிழியும் ஆபத்து இருக்கிறது. இளம் வயதிலேயே மூட்டுத் தேய்மானம் வருவது அப்படித்தான். ஆகவே உங்கள் மருத்துவர் சொல்வது சரியான பாதை என்றே நினைக்கிறேன். சிறு துளைகள் வழியாக ஆர்த்ராஸ்கோபி முறையில் செய்வார்கள். கிழிந்த ஜவ்வைத் தைப்பது வழக்கமில்லை. பெரும்பாலும் அவளுடைய தொடையின் பின்பக்கத்திலிருந்தோ முட்டிச் சில்லுக்குக் கீழேயிருந்தோ ஒரு நாரை எடுத்துப் புது ஜவ்வாக எலும்புக்குள் பொருத்துவார்கள்.

மருத்துவரிடம் இரண்டு கேள்விகளை மறக்காமல் கேளுங்கள். எலும்பு வளரும் குருத்துப் பகுதி அவளுக்கு மூடிவிட்டதா என்பது ஒன்று. பெண் பிள்ளைகளுக்குப் பதினான்கு, பதினைந்து வயதில் பெரும்பாலும் மூடிக்கொள்ளும். மூடவில்லை என்றால் அதைக் காயப்படுத்தாத முறையில் செய்ய வேண்டும். மெனிஸ்கஸ் கிழிந்திருக்கிறதா என்பது மற்றொன்று. முட்டியை நீட்டவே முடியாமல் பூட்டிக்கொண்டதுபோல் நின்றாலோ, தைக்கக்கூடிய கிழிசல் இருந்தாலோ காத்திருக்கக் கூடாது. அப்படி எதுவும் இல்லையென்றால் இது அவசர அறுவைச் சிகிச்சை அல்ல. வீக்கம் வடிந்து, முட்டி முழுதாக நீண்டு, தொடைத் தசைக்குக் கொஞ்சம் உயிர் வந்த பிறகு செய்வதே நல்லது. அவள் மார்ச், ஏப்ரலில் பொதுத் தேர்வை எழுதிவிட்டுப் போகலாமா என்று தயங்காமல் கேளுங்கள். பல பிள்ளைகள் அப்படி எழுதியிருக்கிறார்கள். தலைமை ஆசிரியரைப் பார்த்து, தரைத்தளத்து அறையில், காலை நீட்ட இடமுள்ள ஓர இருக்கையாகக் கேட்டு வாங்குங்கள். அதுவரை ஓட்டமும் குதியும் அறவே கூடாது. வழுக்கும் வரப்பில்கூட நடக்க வேண்டாம்.

பணத்தைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. எழுதாதவர்களுக்குத்தான் அந்தக் கவலை அதிகம் என்று எனக்குத் தெரியும். நகையை அடகுக் கடைக்கு எடுத்துப் போகும் முன் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை உங்கள் வீட்டில் இருக்கிறதா பாருங்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை அதில் சிகிச்சை உண்டு. அட்டை இல்லையென்றால் கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று வாங்கி, குடும்ப அட்டையோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்குப் போங்கள். இந்த அறுவைச் சிகிச்சைக்கு எந்த மருத்துவமனையில் அந்த அட்டை செல்லும் என்பதை அங்கேயுள்ள காப்பீட்டுப் பிரிவில் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். தஞ்சாவூர், திருவாரூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் எலும்பியல் பிரிவில் ஒருமுறை காட்டுவதும் நல்லது. இரண்டாவது மருத்துவரைக் கேட்பதால் முதல் மருத்துவருக்கு அவமரியாதை ஒன்றும் இல்லை.

அறுவைச் சிகிச்சை என்பது ஒன்றிரண்டு மணி நேர வேலை. அதற்குப் பிறகு வரும் மாதங்கள்தாம் சிகிச்சை. அது நடப்பது உங்கள் வீட்டில். இதை யாரும் பெற்றோரிடம் அழுத்திச் சொல்வதில்லை. அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

அறுவைச் சிகிச்சை முடிந்து வந்ததும் எல்லாத் தாய்மாரும் பாசத்தில் ஒரு தவறு செய்வார்கள். முட்டிக்குக் கீழே தலையணை வைப்பார்கள். மடங்கி இருந்தால் அவளுக்கு இதமாகத்தான் இருக்கும். ஆனால் முட்டி அப்படியே பழகி, முழுதாக நீளாமல் போகும். நீளாத முட்டியோடு நடந்தால் காலம் முழுக்க நொண்டல்தான். தலையணையைக் குதிகாலுக்குக் கீழே வையுங்கள். முட்டி காற்றில் தொங்கித் தன் எடையால் நேராகட்டும். முதல் இரண்டு வாரத்தில் மடக்குவதைவிட நீட்டுவதுதான் முக்கியம்.

நம் வீடுகள் தரையில் உட்கார்ந்து, குந்தி எழுவதற்காகக் கட்டியவை. அவள் மருத்துவமனையிலிருந்து வரும் முன்பே கமோடு நாற்காலி ஒன்று வாங்கி வைத்துவிடுங்கள். குளியலறையில் பாசி இருந்தால் தேய்த்துக் கழுவுங்கள். பாயில் படுக்க வேண்டாம், கட்டில் வேண்டும். ஊன்றுகோலோடு வாசல் படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது அடிபட்ட கால் முதலில். திண்ணை இருந்தால் அதுவே அவளுடைய பயிற்சிக் கூடம். காலை நீட்டி உட்கார்ந்து, முட்டிக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து, தொடையை இறுக்கி அதை அழுத்தி ஐந்து எண்ணுவது, பிறகு தளர்த்துவது. பார்க்க ஒன்றுமில்லாத பயிற்சி. ஆனால் அடிபட்ட முட்டி தொடைத் தசையைத் தூங்கவைத்துவிடுகிறது. அதை எழுப்புவது இதுதான். பிசியோதெரபிஸ்ட் சொல்லும் எண்ணிக்கையை ஒரு நோட்டில் எழுதி, அவளே டிக் போடட்டும்.

வாரத்துக்கு இரண்டு முறை தஞ்சாவூர் போக முடியாது என்றால் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபிஸ்டுகளும் இருக்கிறார்கள். அறுவைச் சிகிச்சை செய்தவர் எழுதிக் கொடுத்த பயிற்சி அட்டவணையை அவர்களிடம் காட்டுங்கள். காய்ச்சல், தையலில் சீழ், கெண்டைக்காலில் வீக்கமும் வலியும், மூச்சுத் திணறல் இவற்றில் எது வந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். கெண்டைக்கால் வலிக்கிறது என்று பிடித்துவிடவே கூடாது. உள்ளே இரத்தம் உறைந்திருக்கலாம்.

ஆறு வாரம் கழித்து வரும் காலம்தான் எனக்குப் பயமான காலம். வலி போயிருக்கும். ஊன்றுகோலை ஓரமாக வைத்திருப்பாள். நடையில் குறை தெரியாது. ஊரார் "சரியாகிவிட்டதே" என்பார்கள். உள்ளே பொருத்திய நாரோ அப்போதுதான் ஆகப் பலவீனமாக இருக்கும். இரத்த ஓட்டத்திலிருந்து பிரித்தெடுத்து வைத்த நார் அது. புதிய இரத்தக் குழாய்கள் அதற்குள் புகுந்து அதை ஜவ்வாக மாற்றப் பல மாதம் ஆகும். நாற்றைப் பறித்து நட்டால் முதலில் பழுத்து வாடித்தானே நிற்கும்? வேர் பிடித்துப் பச்சை கட்டும் வரை அதைத் தொட்டால் கையோடு வந்துவிடும். ஏப்ரல் கடைசியில் அவளுக்கு அறுவைச் சிகிச்சை என்றால், ஜூன் 12-இல் மேட்டூர் திறந்து குறுவை நடவு நடக்கும் நாட்கள்தாம் அந்த நாட்கள். அப்போது அவளைத் தடுப்பது உங்கள் வேலை. அதற்காக அவள் உங்களைக் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

மறுபடி ஆடுவாளா என்றால், ஆட முடியும். ஆடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் ஒன்பது மாதத்துக்கு முன் அல்ல. ஒன்பது மாதம் முடியும் முன்பே களம் இறங்கியவர்களுக்கு மறுபடி கிழிவது பல மடங்கு அதிகம் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஒழுங்காகச் செய்தாலும்கூட, இளம் வயதில் விளையாட்டுக்குத் திரும்புகிறவர்களில் ஏறக்குறைய நான்கைந்து பேருக்கு ஒருவருக்கு அதே காலோ மறு காலோ மறுபடி கிழிகிறது. இதை மறைத்து உங்களுக்கு ஆறுதல் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மாதக் கணக்கு மட்டும் போதாது, சோதனையும் வேண்டும். அடிபட்ட காலின் தொடை வலு மற்றக் காலின் வலுவில் 90 சதவீதமாவது வந்திருக்க வேண்டும். ஒற்றைக் காலில் குதித்துத் தாண்டும் தூரமும் அப்படியே. குதித்து இறங்கும்போது முட்டி உள்பக்கம் சரியாமல் நேராக நிற்க வேண்டும்.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது, நாள்காட்டியைப் பாருங்கள். ஏப்ரல் கடைசியிலிருந்து ஒன்பது மாதம் எண்ணினால் ஜனவரி கடைசி வரும். பொங்கல் போட்டி அதற்குப் பத்துப் பதினைந்து நாள் முன்னால். குழுவில் ஆள் குறையும். "ஒரு ரைடு மட்டும், போனஸ் கோட்டை மிதித்துவிட்டு வந்தால் போதும்" என்று வாசலில் வந்து நிற்பார்கள். நல்ல மனதோடுதான் கேட்பார்கள். நானும் என் மகளுக்கு அதைத்தான் செய்தேன். போட்டித் தேதி அவள் முட்டிக்கு நாள் குறிக்கக் கூடாது. அந்தப் பொங்கலுக்கு அவள் ஆடமாட்டாள் என்று இப்போதே பயிற்சியாளரிடம் சொல்லிவிடுங்கள். அப்போது சொல்வது கடினம்.

களத்துக்குத் திரும்பும்போது பயிற்சியாளரிடம் இன்னொன்றையும் கேளுங்கள். கால்பந்துக்காக ஃபிஃபா 2006-இல் ‘11+’ என்று ஒரு முன்பயிற்சியை உருவாக்கியது. இருபது நிமிடம், கருவி எதுவும் வேண்டாம். குதித்து இறங்குவது, ஒற்றைக் காலில் நிற்பது, பின்தொடையை வலுவாக்குவது என்று போகும். தொடர்ந்து செய்த அணிகளில் காயம் தெளிவாகக் குறைந்தது. இந்த ஜவ்வு பையன்களைவிடப் பெண் பிள்ளைகளுக்கே அதிகம் கிழிகிறது என்பதால் அவர்களுக்கு இது இன்னும் அவசியம். நான் என் பிள்ளைகளை மைதானத்தை இரண்டு சுற்று ஓடவிட்டு நேராக ஆட்டத்தில் இறக்கினவன். இத்தனை ஆண்டில் இருபது நிமிடத்தை ஒதுக்கியிருந்தால் எத்தனை முட்டிகள் தப்பித்திருக்குமோ என்று இன்றும் நினைக்கிறேன்.

கடைசியாக, அவளிடம் என்ன பேசுவது. "உயிருக்கு ஒன்றும் இல்லையே" என்று சொல்லாதீர்கள். அவளுக்குப் போனது சிறிதல்ல. மாலை நேரம் போனது, தோழிகள் போனார்கள், ஊரில் தனக்கென்று இருந்த ஒரு பேர் போனது. "சீக்கிரம் ஆடிவிடலாம்" என்றும் சொல்லாதீர்கள், அது பொய். "இனிமேல் கபடியே வேண்டாம்" என்பதையும் இப்போது சொல்லாதீர்கள். அந்த முடிவை யாரும் எடுக்க வேண்டிய நேரம் இது இல்லை. பார்க்க வருகிறவர்கள் "பெண் பிள்ளைக்குக் காலில் தழும்பா" என்று ஆரம்பித்தால் அவள் காதுபட நீங்களே நிறுத்திவிடுங்கள். அவள் சார்பில் நீங்கள் ஒரு வார்த்தை பேசியதை அவள் மறக்கமாட்டாள்.

நான் தினமும் மாலையில் மகளிடம் "இன்று எவ்வளவு மடங்கியது?" என்றுதான் கேட்பேன். அக்கறை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் அவள் சொன்னாள்: "அப்பா, என் முட்டியைத் தவிர என்னிடம் கேட்க உங்களுக்கு வேறு ஒன்றுமே இல்லையா?" அன்றிரவு இருவரும் பல்லாங்குழி ஆடினோம். அதற்குப் பிறகுதான் அவள் பேச ஆரம்பித்தாள். இரண்டு மாதம் மைதானத்துப் பக்கமே வரமாட்டேன் என்றவள், பிறகு தானாக வந்து புள்ளி எழுதினாள். சில பிள்ளைகளுக்கு அது மருந்து, சில பிள்ளைகளுக்கு வேதனை. கேட்டுவிட்டு அழைத்துப் போங்கள்.

சாப்பாடும் தூக்கமும் குறைந்து, யாரோடும் பேசாமல் இரண்டு வாரத்துக்கு மேல் போனால் அதையும் காயமாகவே எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் சொல்லுங்கள். "இருந்து என்ன பயன்" என்பது போல ஒரு சொல் வந்தால் அன்றைக்கே. மனநல ஆலோசனைக்கு 104 எண்ணிலும் 14416 எண்ணிலும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.

உங்கள் கணவருக்கு ஒரு வேலை கொடுங்கள். பயிற்சி நோட்டை அவர் பார்க்கட்டும், மருத்துவமனைக்கு அவர் அழைத்துப் போகட்டும். அந்த மௌனம் கோபம் இல்லை என்றே நினைக்கிறேன். என் மகள் அடிபட்ட சமயத்தில் நானும் வீட்டில் அப்படித்தான் இருந்தேன். பயத்தை எங்கே வைப்பது என்று தெரியாத அப்பாக்கள் அப்படித்தான் இருப்பார்கள்.

என் மகள் பதினோராம் மாதம் எல்லாச் சோதனையிலும் தேறினாள். மறுநாள் மைதானத்துக்குப் போய் ஒரு மணி நேரம் ஆடினாள், நன்றாகவே ஆடினாள். வீட்டுக்கு வந்து, "போதும் அப்பா, இதற்கு மேல் வேண்டாம்" என்றாள். எனக்குத்தான் அது வலித்தது. இத்தனை மாதமும் ஆட்டம் திரும்ப வேண்டும் என்று கேட்டது என் மனம்தானோ என்று அன்று தோன்றியது. உங்கள் மகள் வேறு மாதிரி முடிவெடுக்கலாம். எடுப்பது அவளாக இருக்கட்டும்.

இன்றிரவு போய், முட்டிக்கு அடியில் தலையணை இருந்தால் அதை எடுத்துக் குதிகாலுக்குக் கீழே வையுங்கள். ஸ்கேன் அறிக்கையில் மெனிஸ்கஸ் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்து எனக்கு எழுதுங்கள். தேர்வு வரை காத்திருப்பது பற்றி மருத்துவரிடம் என்னென்ன கேட்க வேண்டும் என்பதை அதற்குப் பிறகு சேர்ந்து யோசிப்போம்.